வாட்டர் பம்ப்புக்கு நான் போட்ட எஸ்டிமேட்

முப்பத்து மூன்று வயதில் என்னை ரிட்டயர்டு என்கிறார்கள். மந்தைவெளியில் நான் வேலை பார்த்த கார் ஒர்க்‌ஷாப்பின் வாட்ஸப் குழுவில் இளையவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘ரிட்டயர்டு அக்கா’. ஒன்பது வருடம் அங்கே சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். வண்டி கொண்டுவருகிறவரிடம் கோளாறைக் கேட்டு, என்னென்ன மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் எழுதி, வேலை முடிந்ததும் சாவியை அவர் கையில் கொடுக்கிற வேலை. மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். விட்டது சரிதானா என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது தோன்றும். அதை எழுத இப்போது உட்காரவில்லை.

போன வாரம் திவ்யா என்ற புதுப் பெண் குழுவில் கேட்டிருந்தாள். “அக்கா, இப்ப எஸ்டிமேட் கஸ்டமரோட போனுக்கே போயிடுது. அவங்க ஓகே பட்டனை அழுத்தினா போதும். ஆனா செலின் மேடம் இன்னும் பக்கத்துல உட்கார வச்சுப் படிச்சுக் காட்டச் சொல்றாங்க. நேத்து ஒரு வாட்டர் பம்ப் வேலைக்கு அரை மணி நேரம் ஆச்சு. இது தேவையா?”

மூன்று தடவை பதில் தட்டி மூன்று தடவையும் அழித்தேன். இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. மகள் தூங்கும் நேரங்களில் எழுதியது இது.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வந்து போவேன். முதல் இரண்டு வருடம் போன் எடுத்தேன், சாவிகளுக்குச் சீட்டு கட்டினேன், மெக்கானிக்குகள் சொல்வதைக் கேட்டு எழுதினேன். அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப் மேனேஜர் செலின் மேடம் சாந்தோம்காரர். வீட்டில் அப்பா, இரண்டு அக்கா, தம்பி எல்லோரும் பள்ளி ஆசிரியர்கள். “வகுப்புல கத்துறதுக்குத் தொண்டை வேணும், எனக்கு அது இல்ல, அதான் இங்க வந்துட்டேன்” என்பார். உண்மையாகவே அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கம்ப்ரஸர் ஓடும்போதுகூட மெதுவாகத்தான் பேசுவார். எதிரில் இருப்பவர்தான் குனிந்து கேட்க வேண்டும். கையைத் துடைக்காமல் எந்தக் காகிதத்தையும் தொட மாட்டார். எஸ்டிமேட் விஷயத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வாடிக்கையாளர் பக்கத்தில் அட்வைசர் உட்கார வேண்டும், எதிரில் அல்ல. ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று அவர்கள் தங்கள் கையால் எழுத வேண்டும். டிக் அடித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான் அட்வைசரான புதிதில் மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் பழைய காரைக் கொண்டுவந்தார். தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. வேறோர் இடத்தில் எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டே போய்விட்டது, பெரிய செலவு என்று சொல்லிவிட்டார்களாம்.

“ஆத்துல இவ வண்டியை வித்துடுங்கோங்கறா. நானும் மனசைத் தேத்திண்டு வந்துட்டேன். ஒரு தரம் பாத்துச் சொல்லுங்கோ” என்றார்.

செலின் மேடம் வண்டியை ஓடவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாக முக்கால் மணி நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். எஞ்சினின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, உப்புப் பூத்தது போலக் காய்ந்து கிடந்தது. வாட்டர் பம்ப்பின் கசிவு. ஹெட்டில் ஒன்றுமில்லை.

கழற்றிய பம்ப்பை அன்றுதான் முதல் முறையாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பக்கம் பல்சக்கரம், மறுபக்கம் சின்ன விசிறி. எஞ்சினுக்குள் ஒவ்வொரு நொடியும் நெருப்பு வெடிக்கிறது. அந்த நெருப்புக்கும் அதைச் சுற்றி ஓடும் தண்ணீருக்கும் நடுவில் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு சுவர். தண்ணீர் நின்றால் சில நிமிடங்களில் எல்லாம் போச்சு. அதை நிற்காமல் ஓட்டுவது இந்தச் சின்ன விசிறி. ஒரு லட்சம் கிலோமீட்டர் அது இருட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, யாருக்கும் அதன் பெயர்கூடத் தெரியாது. பம்ப்பின் அடியில் கடுகு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. உடைசல் என்று நினைத்தேன். இல்லை, செய்தவர்களே விட்டதாம். உள்ளே தண்ணீரை அடைத்திருக்கும் சீல் தேய ஆரம்பித்தால் முதல் சொட்டு அந்த வழியாக வெளியே வந்து சொல்லிவிடுமாம். இப்படியெல்லாம் யோசித்திருக்கிறார்களா என்று அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பெரியவர் எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரிக்கும் நிதானமாக, அழகான கையெழுத்தில் ‘வேண்டும்’ என்று எழுதினார். வைப்பர் பிளேடுக்கு மட்டும் ‘வேண்டாம். மழைக்கு இன்னும் நாள் இருக்கு’ என்று எழுதிவிட்டுச் சிரித்தார்.

திவ்யா கேட்ட கேள்விக்கு இனிதான் வருகிறேன்.

கஸ்தூரி என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், திருவல்லிக்கேணி. சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். ஒரு நாள் மதியம் வந்தார். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. செலின் மேடம் ஒரு விபத்து வண்டியைப் பார்க்க வெளியே போயிருந்தார்.

“மேடம், வண்டி சூடாவுது. முள்ளு மேல ஏறிக்கினே கீது. காலைல தி.நகர்ல ஒரு பார்ட்டிய ஏத்திக்கினு திருநெல்வேலி போவணும். சாயந்தரத்துக்குள்ள முடிச்சிக் குடுங்க.”

பழனி பார்த்தார். அவர்தான் எங்கள் மூத்த மெக்கானிக். பம்ப் கசிவு. அந்த மாதிரி எஞ்சினில் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். பம்ப்பை எடுக்க வேண்டுமானால் அந்த பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். வாட்டர் பம்ப் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பதுதான் கஷ்டம். சாமானின் விலை ஒன்று. அதுவரை போய்ச் சேரும் கூலி இன்னொன்று. வழியில் கழற்றிய பழையதைத் திரும்பப் போடுவதா, புதிதாகப் போடுவதா என்பது மூன்றாவது. அந்த பெல்ட் ரப்பர்தான், இரண்டு விரல் அகலம். ஆனால் எஞ்சினுக்குள் மேலே வால்வுகளும் கீழே பிஸ்டன்களும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்துபோகின்றன, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை, ஒன்றையொன்று தொடாமல். அவை தொடாமல் இருப்பது அந்த பெல்ட்டால். அறுந்தால் அதே நொடியில் மோதும். ஓடும் வண்டி நடுச்சாலையில் செத்துப்போகும்.

எஸ்டிமேட் எழுதினேன். பம்ப் மூவாயிரத்து முந்நூறு. கூலன்ட், அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடும் அந்தத் தண்ணீர், ஆயிரத்து இருநூறு. கூலி நாலாயிரம். நான்காவது வரி, டைமிங் பெல்ட் செட், ஆறாயிரத்து ஐந்நூறு. கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வரி படித்தேன். அவரும் மூன்று தடவை ‘வேண்டும்’ என்று எழுதினார்.

“எட்டாயிரத்து ஐந்நூறா? இன்னா மேடம், பம்ப்பு தங்கத்துல செஞ்சி கீதா? நேத்துதான் வண்டிக்கு டியூ கட்டினேன். இதுக்கு மேல எதுவும் இல்லியே?”

நான்காவது வரியின் மேல் என் கை இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கையை எடுக்கவில்லை.

“இல்லக்கா” என்றேன்.

அவருக்குப் போன் வந்தது, எழுந்து வெளியே போனார். நான்காவது வரிக்குப் பக்கத்தில் ‘வேண்டாம்’ என்று நானே எழுதினேன். பழைய பெல்ட் நன்றாகத்தான் இருக்கும், அடுத்த சர்வீஸில் மாற்றச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

நான்கு மணிக்குப் பழனி வந்தார். “மேடம், கூலன்ட்டு பூரா பெல்ட்டு மேல தெறிச்சி கீது. நனைஞ்ச பெல்ட்ட திருப்பிப் போடவா?”

“கஸ்டமர் வேண்டாம்னுட்டாங்க” என்றேன்.

“எழுதிக் குடுத்தாங்களா?”

எஸ்டிமேட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆறரைக்குக் கஸ்தூரி வண்டியை எடுத்துப் போனார்.

மறுநாள் காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பெருங்குடி தாண்டும்போது வயிற்றில் குழந்தை அசைந்தது. பழனி சொன்ன ‘நனைஞ்ச பெல்ட்டு’ என்ற சொல் அப்போதுதான் முழுதாக எனக்குக் கேட்டது. கூலன்ட்டில் ஊறிய ரப்பர் சீக்கிரம் இற்று அறுந்துவிடும். கஸ்தூரிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திருவான்மியூரில் ஒரு தடவை, கஸ்தூர்பா நகரில் ஒரு தடவை. எடுக்கவில்லை.

செலின் மேடம் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். கைப்பையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் செய்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் மூன்று கேள்வி கேட்டார்.

“இப்ப எங்க இருக்காங்க? எத்தனை பேர் போறாங்க? எத்தனை மணிக்குக் கிளம்பறாங்க?”

தி.நகர் என்பதைத் தவிர எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் தன் போனிலிருந்து அழைத்தார். நான்காவது முறை கஸ்தூரி எடுத்தார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாராம்.

“கஸ்தூரி, எஞ்சின் ஓடுதா? ஆஃப் பண்ணுங்க. நாங்க வர்ற வரைக்கும் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. உங்க வண்டியில நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம்.”

நாங்கள் என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வண்டியைத் தூக்கிவரும் லாரியை ஏற்பாடு செய்துவிட்டு, ஆட்டோவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தி.நகரில் ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு தெருவில் கார் நின்றது. கடைக்கார அண்ணாச்சி, அவர் மனைவி, கல்லூரிக்குப் போகும் இரண்டு மகள்கள், ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் புறப்பட்டு, பூ வைத்துக்கொண்டு நின்றார்கள். காரின் மேல் பெட்டிகள் கட்டியாகிவிட்டன.

“நல்லா ஓடுத வண்டிய நிப்பாட்டிப் போட்டுட்டு என்னம்மா செய்தீய? பேய் கீய் புடிச்சிருக்கா வண்டிக்கு?” என்றார் அண்ணாச்சி.

செலின் மேடம் பையிலிருந்து நேற்றைய எஸ்டிமேட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். “நித்யா, அவங்க பக்கத்துல நின்னு படி. நாலு வரியும்.”

படித்தேன். விரல் வைத்துத்தான் படித்தேன். நான்காவது வரி வந்ததும், ‘வேண்டாம்’ என்று எழுதியது நான்தான், உங்களைக் கேட்கவில்லை என்று சொன்னேன். பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

கஸ்தூரி காகிதத்தை வாங்கி அந்தச் சொல்லையே பார்த்தார்.

“என்னாண்ட துட்டு இல்லன்னு உனக்கு யார் சொன்னா?”

“நீங்க யோசிச்ச மாதிரி இருந்தது...”

“யோசிச்சேன். யோசிக்கக் கூடாதா? எவ்ளோ சொன்னாலும் மொதல்ல மொறைப்பேன், அப்பறம் எப்டியாச்சும் பொரட்டிக் கட்டுவேன். இவ்ளோ வருசமா அப்டித்தான் வண்டி ஓட்டறேன். அண்ணாச்சிய கேட்டிருந்தா ராத்திரியே அட்வான்ஸ் அனுப்பிருப்பாரு.”

“கேட்டா குடுக்க மாட்டனா?” என்றார் அண்ணாச்சி.

“பின்னாடி ரெண்டு பொண்ணுங்க உக்காருது. அதுங்களுக்கும் சேத்து நீயே வேணாம்னு எழுதிட்டியேம்மா.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன். அந்தத் தெருவில் நின்றபடி அவருக்கு முன்னால் நான் எவ்வளவு சின்னவள் என்று மட்டும் தெரிந்தது. பரிதாபப்பட்டுக்கொண்டு அவருடைய முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வேறு வண்டி பிடித்தால் கஸ்தூரிக்கு நான்கு நாள் வாடகை போகும். வருடத்தில் மூன்று நான்கு முறை ஊருக்குப் போகும் குடும்பம். அந்த வாடகைகளும் இதோடு சேர்ந்து போய்விடும்.

“ரெண்டு மணி வரைக்கும் பாக்கேன். வரலைன்னா வேற வண்டிதான், கஸ்தூரி. கோவிச்சுக்கப்படாது.”

ஒன்பதேமுக்காலுக்கு வண்டி மந்தைவெளியில் ஜாக்கியில் ஏறியது. சாதாரணமாக நான்கு மணி நேர வேலை. பழனி வலது முன்சக்கரத்தையும் அதன் பின்னால் இருந்த தகட்டையும் கழற்றினார். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுத்து, எஞ்சினைப் பிடித்திருக்கும் பக்கத்து மவுன்ட்டை எடுத்தார். பிறகு பெல்ட்டின் உறையைத் திறந்தார்.

முந்தின நாள் நனைந்திருந்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது. பெல்ட்டின் ஓரம் முழுக்க நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஓர் இடத்தில் மூன்று பற்கள் அடியோடு விரிசல் விட்டு, நகத்தால் தொட்டால் தூக்கும் நிலையில் இருந்தன.

“இது திண்டிவனம் தாண்டிருக்காது மேடம்” என்றார் பழனி.

“அப்படிச் சொல்ல முடியாது. ஊர் போய்த் திரும்பி வந்திருக்கலாம். தி.நகர் சிக்னல்லயே போயிருக்கலாம்” என்றார் செலின் மேடம்.

கஸ்தூரி பக்கத்தில் நின்று அந்த மூன்று பற்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

புதிய பெல்ட்டைப் போடும் வேலையைச் செலின் மேடமே எடுத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எஞ்சின் அசையாதபடி இரண்டு இடத்தில் இரும்புப் பின் சொருகினார். வெள்ளைப் பெயின்ட்டால் மேல் சக்கரத்தில் ஒரு கோடு, கீழ்ச் சக்கரத்தில் ஒரு கோடு. பெல்ட்டை ஒவ்வொரு பல்லாக உட்காரவைத்து, இறுக்கி, பின்களை எடுத்தார். பிறகு நீளமான ஸ்பேனரை மாட்டி, எஞ்சினைக் கையாலேயே சுற்ற ஆரம்பித்தார். இரண்டு முழுச் சுற்று. மிக மெதுவாக. எங்காவது ஒன்று இடித்தால் கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பக்கத்து வண்டியில் வேலை செய்தவர்களும் சுத்தியலை வைத்துவிட்டார்கள். எஞ்சினுக்குள் எண்ணெய் நகரும் சத்தம்கூடக் கேட்டது. இரண்டாவது சுற்று முடிந்தபோது இரண்டு வெள்ளைக் கோடுகளும் முடியிழை பிசகாமல் தங்கள் குறிகளுக்கு நேராக வந்து நின்றன. ஒன்பது வருடத்தில் எத்தனையோ எஞ்சின்கள் ஓடுவதைப் பார்த்தவள் நான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“பாத்தீங்களா?” என்று செலின் மேடம் கஸ்தூரியிடம் கேட்டார்.

“பாத்தேன்.”

செலவு எங்களுடையது என்றார் மேடம். கஸ்தூரி தலையாட்டி மறுத்தார். “பெல்ட்டு என் வண்டிலதான ஓடப் போவுது? அதுக்குத் துட்டு நான் குடுப்பேன். கூலியும் லாரியும் உங்களுது.” ஊரிலிருந்து திரும்பி வந்து தருவதாகச் சொன்னார், சொன்னபடி தந்தார்.

கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும் வரை வண்டியை ஓடவிட்டுப் பார்த்தபோது மணி ஒன்று ஐந்து. வேலை முடிந்த வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்கச் செலின் மேடம்தான் போவார். அவர் முன் கதவைத் திறந்தபோது கஸ்தூரி தடுத்தார்.

“நீங்க இருங்க மேடம். அந்தப் பொண்ணு வரட்டும்.”

ஏறினேன். அடையாறு பாலம், மத்திய கைலாஷ். உச்சி வெயிலில் ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு ஓட்டினார். நான் வெப்ப முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாதியில் நின்றது. சிக்னலில் வண்டி நின்றபோதும் பாதியில்தான் நின்றது. கஸ்தூரி ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை.

“இன்னாத்துக்கு அதையே மொறைக்கிற? எத்தினி மாசம்?”

“அஞ்சு.”

“நல்லா சாஞ்சி உக்காரு. மேடம் கையால சுத்தினப்ப நான் பாத்தேன்ல? அப்பறம் இன்னா? என் வேல ரோட்டப் பாக்கறது.”

மந்தைவெளிக்குத் திரும்பாமல் கோட்டூர்புரம் வழியாகத் தி.நகருக்கே விட்டார். ஒன்றேமுக்காலுக்கு அண்ணாச்சியின் தெருவில் நின்றோம். அவர் வாசலிலேயே இருந்தார்.

“என்ன கஸ்தூரி, போலாமா?”

கஸ்தூரி என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு. உன் வாயால சொல்லு.”

அந்த வேலையில் எத்தனையோ பேருக்கு, வண்டி தயார், எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அந்தச் சொல்லின் எடை தெரிந்தது. பழனி பிரித்த ஒவ்வொரு திருகும், செலின் மேடத்தின் இரண்டு சுற்றும், அந்த வெள்ளைக் கோடுகளும் மனதில் வரிசையாக வந்தன. ஒன்றையும் விடவில்லை என்று உறுதியாகும் வரை எண்ணிப் பார்த்தேன். அவர்களும் காத்திருந்தார்கள்.

“போகலாம்” என்றேன்.

அண்ணாச்சி முன்னால் ஏறினார். அவர் மனைவி பின்னால் ஏறினார். பெரிய மகள் ஏறினாள். சின்னவள் தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டு கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தினாள்.